புருல்கானின் குறடு

புருல்கானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். சிரிக்க மாட்டாள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மூலையில் உட்கார்ந்து தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். பக்கத்துக் கடைக்காரி நான். தினமும் அவள் முகத்தில்தான் முழிக்கிறேன். ஒரு நாளாவது "கலீபா, வியாபாரம் எப்படி?" என்று அவளாகக் கேட்டதில்லை. ஆனால் மனதில் ஒன்றைப் போட்டு வைத்தாள் என்றால் அது அங்கேயே இருக்கும். துருப்பிடிக்காது.

எங்கள் கடைகள் பிஷ்கெக்கின் கிழக்கு ஓரத்தில், தொக்மொக் ரோட்டை ஒட்டி இருக்கின்றன. கடை என்றால் கப்பல் கன்டெய்னர்தான். நான் பழைய கார்க் கண்ணாடியும் விளக்கும் விற்கிறேன். எதிர் வரிசையில் டயர். அடுத்த கன்டெய்னரில் அவள், வயர்களோடு. ஜப்பானிலிருந்து வருகிற வலது கை ஸ்டியரிங் வண்டிகள் எங்கள் ஊரில் ஒரே இன்ஜினோடு வாழ்ந்து சாவதில்லை. இன்ஜின் ஒரு வண்டியுடையது, உடம்பு இன்னொன்றுடையது என்று ஆகிவிடும். இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரின் வாய் ஒரு மாதிரி இருக்கும், வண்டியின் வயர்க்கட்டு வேறு மாதிரி இருக்கும். ஒன்று மற்றதில் நுழையாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். முழங்கை நீளம் வயர்க்கட்டு, இரண்டு முனையிலும் கனெக்டர். அதைச் செருகிவிட்டால் பழைய வயர் ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. அதைக் கட்டுகிறவள்தான் புருல்கான்.

அவள் வேலை செய்வதைப் பார்ப்பதற்கே பொறுமை வேண்டும். வயரின் தோலை நகத்தளவு உரிப்பாள். உள்ளே இருக்கும் செம்பு இழையில் ஒன்று அறுந்தாலும் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி உரிப்பாள். பித்தளைப் பின்னுக்கு இரண்டு ஜோடிச் சிறகு உண்டு. முன் சிறகு செம்பைக் கட்டிப்பிடிக்க வேண்டும், பின் சிறகு தோலைக் கட்டிப்பிடிக்க வேண்டும். குறட்டில் வைத்து அமுக்குவாள், குறடு தானாக வாய் திறக்கும்வரை. அதற்குப் பிறகு வருவதுதான் வரிசை முழுக்கத் தெரிந்த வேடிக்கை. பின்னை மேஜையில் பூட்டின இரும்புப் பிடிப்பானில் கவ்வ வைத்துவிட்டு, வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுப்பாள். எவளோ ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். வராவிட்டால்தான் கனெக்டருக்குள் போகும். உள்ளே போய் 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வெளியே எடுத்து முதலிலிருந்து.

அடுத்து அடிக்க வேண்டிய பின்களை உதட்டில் கவ்வி வைத்திருப்பாள். அது தையல் பழக்கம். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு தையல் பட்டறையில் குனிந்தே கிடந்தவள். சொந்த ஊரான கொச்கோரில் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி தெந்திமிஷ் பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான். அவனைத் தூக்கிக்கொண்டு பிஷ்கெக் வந்து, தையல் மெஷினின் கால்பலகைக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டு வளர்த்தாள். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. அவன் விட்டுப் போன கம்பளிக் கோட்டை மட்டும் கன்டெய்னர் வாசலில் கால்மிதியாகப் போட்டு வைத்திருக்கிறாள். பனிக்காலத்தில் வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில் சேற்றைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேய்க்காமல் நுழைந்தால் திருப்பி அனுப்புவாள்.

"அவ வாயில பின்ன வெச்சு ஆண்டவன் நம்மளக் காப்பாத்தியிருக்கான்" என்பான் டயர்க்காரன். பேரம் பேச வந்தவர்கள் அந்த மூடின உதட்டோடு பேசிப் பேசி அலுத்துப்போய், அவள் சொன்ன விலைக்கே சரி என்று போவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஷெர்காசி. எங்கள் வரிசை முடிகிற முக்கில் பெரிய போர்டு வைத்து வண்டிப் பட்டறை நடத்துகிறவன். வாய் உண்டு, கை கிடையாது. வயரை வெட்டி, இரண்டு விரலால் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, "கம்பெனி வேலை மாதிரி இருக்கு பாருங்க பைக்கே" என்று வயதில் சின்னவனையும் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுத் தலையில் கட்டிவிடுவான். எங்கள் ஊர்க் குளிருக்கு வீட்டுக்குள் இருந்தபடியே வண்டியைச் சூடாக்க வேண்டும். அதற்கு ரிமோட் அலாரம் மாட்டுவார்கள். அதுதான் அவனுக்குச் சோறு போட்டது.

சில வருஷத்துக்கு முன்னால் தெந்திமிஷ் தலாஸுக்கு மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். இன்ஜின் மாற்றியபோது அக்காக்காரிதான் அடாப்டர் கட்டிக் கொடுத்தாள். வேறு எதற்கும் அவ்வளவு நேரம் எடுத்து அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. குளிர் ஆரம்பித்ததும் தம்பி, அக்காவிடம் சொல்லாமல், ஷெர்காசியிடம் போய் ரிமோட் அலாரம் மாட்டிக்கொண்டான். அவளிடம் சொன்னால் திட்டுவாள் என்று பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது.

அடுத்த வாரமே, தலாஸ் போகிற வழியில், தோ-அஷூ கணவாயில், பனிப்புயலில், வண்டி செத்துப்போய் நின்றுவிட்டது. உள்ளே பிரயாணிகள், குழந்தைகள். தெந்திமிஷ் கீழே இருக்கிற, பனி தள்ளுகிற ரோட்டுக்காரர்களின் கொட்டகைவரை நடந்து போய் ஆள் கூட்டி வந்தான். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். இவனுடைய இடது கை விரல்கள் பிழைக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலில் பாதியும் மிஞ்சின.

வண்டியை இழுத்து வந்தவன் ஷெர்காசி. எல்லோருக்கும் முன்னால் போய் அதைத் தன் பட்டறையில் நிறுத்திக்கொண்டான். புருல்கான் போய்ச் சேர்வதற்குள் அடாப்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வயரை நேரே முறுக்கி வைத்திருந்தான். "எஜே, உங்க பின்னு ஒண்ணு கழண்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு" என்றான். அக்கா முறை வைத்து, அவ்வளவு மரியாதையாக. "தூக்கிப் போட்டுட்டேன். குப்பை வண்டியும் போயிடுச்சு."

மறுநாள் என் கடை வாசலில் பஞ்சாயத்து. வரிசைக்காரர்கள் எல்லோரும் இருந்தோம். தெந்திமிஷ் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். புருல்கான் ஒன்றுதான் சொன்னாள்: "நான் அடிச்ச பின்னு கழறாது. இவன் என் வயர வெட்டியிருக்கான்." ஷெர்காசி எழுந்து வந்து, என் தேநீர் மேஜையிலிருந்து ஒரு முழு ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்தான். நெற்றியில் ஒற்றினான். "உங்க வயர நான் தொடவே இல்ல. பொய் சொன்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்" என்றான்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. எங்கள் ஜனங்களில் குடிகாரன்கூட ரொட்டியைத் தொட்டுப் பொய் சொல்ல மாட்டான். கீழே கிடக்கிற துண்டை எடுத்து, உயரமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் நடப்போம். கூட்டம் கலைய ஆரம்பித்தது. புருல்கான் தம்பி முகத்தைப் பார்த்தாள். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எஜே, அவரு ரொட்டியத் தொட்டுட்டாரு."

அன்றிலிருந்து அக்கா தம்பி பேச்சு வார்த்தை இல்லை. தெந்திமிஷுக்கு வண்டி ஓட்ட மனசு வரவில்லை. பாவம் பார்த்து எங்கள் வரிசையின் வாசல் தடுப்புக்குக் காவலாக வைத்தோம். தினமும் அவள் கன்டெய்னரைத் தாண்டித்தான் போவான், வருவான். தலையைத் திருப்ப மாட்டான். அவளும் நிமிர மாட்டாள். பெயரைச் சொல்லவேண்டி வந்தால் "கேட்டுக்காரன்" என்பாள்.

அவள் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. கன்டெய்னருக்குள் ரொட்டி கொண்டு வருவதை நிறுத்தினாள். எங்கள் ஊரில் வாசல்படி மிதித்தவன், இரண்டு நிமிஷம் நின்றாலும், ரொட்டியில் ஒரு துணுக்கு வாயில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இவளிடம் தேநீர் கிடைக்கும், வேகவைத்த உருளைக்கிழங்கு கிடைக்கும், ரொட்டி கிடையாது. முதலில் ஜனங்கள் முகம் சுளித்தார்கள். வேலையும் குறைந்தது. கழறுகிற பின் அடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவளிடம் யார் வருவார்கள்? டிரெய்லருக்கு விளக்கு வயர் போட்டுக் காலம் தள்ளினாள். ஆனால் அடாப்டர் என்று வந்தால் மற்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருத்தராக, முக்கு வழியாக வராமல் பின்பக்கமாக, அவளிடமே திரும்பி வந்தார்கள். அவள் யாரையும் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. விலையை மட்டும் ஏற்றினாள்.

இப்படியே ஆறேழு வருஷம். போன வசந்தத்தில் ஷெர்காசி மகனுக்குப் பெண் நிச்சயமாயிற்று. சம்பந்தி ஒர்மோன், நாரின் பக்கத்து ஆள். ஆட்டு மந்தை, குதிரைகள், வாயில் அளந்து வரும் பேச்சு. அவருடைய ஜப்பான் ஜீப் இன்ஜின் செத்துக் கிடந்தது. பெண்ணை அந்த ஜீப்பில்தான் அனுப்பி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஷெர்காசி சும்மா இருப்பானா. "என்கிட்ட விடுங்க சம்பந்தி, கல்யாணத்துக்கு முன்னாடி குதிரை மாதிரி ஓட வைக்கிறேன்" என்று நெஞ்சைத் தட்டி வாங்கி வந்துவிட்டான்.

வேறு இன்ஜின் வாங்கினான், அதற்குக் கம்ப்யூட்டர் வாங்கினான், அடாப்டரைத் தானே கட்ட உட்கார்ந்தான். கனெக்டர் படத்தை எங்கிருந்தோ எடுத்து வைத்துக்கொண்டான். அந்தப் படங்களில் ஒரு சங்கதி உண்டு. சில படம் செருகுகிற வாய்ப்பக்கமிருந்து பார்த்து வரைந்தது, சில படம் வயர் நுழைகிற முதுகுப்பக்கமிருந்து. எது எது என்று தெரியாமல் கை வைத்தால் இடது வலதாகிவிடும். புருல்கான் எந்தப் படம் வந்தாலும் முதலில் கனெக்டரைத் திருப்பி முதுகைப் பார்ப்பாள். ஷெர்காசி பார்க்கவில்லை. சாவி போட்டதும் கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்தது. கருகின நாற்றம் என் கடைவரை அடித்தது, நான் பொய் சொல்லவில்லை, எனக்கு அன்றைக்குச் சாப்பாடு கூடுதலாகவே இறங்கியது.

இரண்டாவது கம்ப்யூட்டரை அல்மாட்டியிலிருந்து வரவழைத்தான். அதைத் தொட அவனுக்கே பயம். ஊரில் இருக்கிற வயர்க்காரர்களிடம் எல்லாம் கொண்டு போனான். ஜீப்பின் வயர்க்கட்டு ஒரு காலத்தது, கம்ப்யூட்டர் வேறு காலத்தது, எங்களால் ஆகாது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டு ஒரே ஆளைக் கை காட்டினார்கள்.

அவன் வந்து நின்றபோது நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கிற பாவனையில் காதை அங்கே வைத்தேன்.

"எஜே, சௌக்கியமா?"

உதட்டில் பின். "ம்" என்றாள்.

"ஒரு சின்ன வேலை. சம்பந்தி வண்டி. மாசக் கடைசியில கல்யாணம்."

அவள் பின்களை உள்ளங்கையில் உமிழ்ந்தாள். "கால்."

"என்ன எஜே?"

"கால். தேச்சுட்டு உள்ள வா."

அவன் அந்தக் கோட்டில் காலைத் தேய்த்துவிட்டு உள்ளே போனான். கம்ப்யூட்டரையும் கனெக்டர்களையும் மேஜையில் வைத்தான். "கூலி எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா..."

"வெச்சிட்டுப் போ. வண்டிக்காரர் நேர்ல வந்தாத்தான் குடுப்பேன். உன் கையில குடுக்க மாட்டேன்."

"அவரு எதுக்கு எஜே, அவரு பெரிய மனுஷன், அலைய வைக்கணுமா?"

"அப்ப எடுத்துட்டுப் போ."

வைத்துவிட்டுத்தான் போனான். அவன் தலை மறைந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே உள்ளே போனேன். "உனக்கு ரோஷம் கீஷம் எதாவது இருக்கா, இல்ல அதையும் தெச்சு வித்துட்டியா? உன் பேரக் கெடுத்தவன், உன் தம்பி கையத் தின்னவன். அவன் வேலையப் போய் வாங்கி வெச்சிருக்கியே."

"ரோஷம் இருக்கு."

"அப்புறம் எதுக்கு வாங்கின?"

"அதுக்குத்தான் வாங்கினேன்" என்றாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கனெக்டரைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வாரம் முழுக்க மற்ற வேலை எதையும் தொடவில்லை. நான் ஒன்று நினைத்தேன், பயந்தும் போனேன். ஒரு பின்னை அரைகுறையாக விட்டால் போதும், கணவாயில் போகும்போது அதிர்ந்து அதிர்ந்து வெளியே வந்துவிடும். அந்த ஜீப்பில் கல்யாணப் பெண் போவாள். "புருல், வேற எதையும் பண்ணித் தொலைச்சிடாத" என்று ஜாடையாகச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்போதுதான் அடித்த ஒரு பின்னைப் பிடிப்பானில் வைத்து, என் முகத்துக்கு நேரே இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பின் வரவில்லை. "என் வேலையில நான் கை வைக்க மாட்டேன் கலீபா. அவன் வேற, என் வேலை வேற."

வண்டி எடுக்கிற நாள் வந்தது. ஒர்மோன் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு நேரில் வந்தார். ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து கன்டெய்னர் முன்னால் நிறுத்தினார்கள். ஓசியில் வேடிக்கை என்றால் எங்கள் வரிசை கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிடும். டயர்க்காரன் முதல் ஆளாக நின்றான்.

"கலீபா, அந்தக் கேட்டுக்காரனை வரச் சொல்லு" என்றாள் புருல்கான். "வண்டி வெளிய போகணும்ல."

தெந்திமிஷ் வந்து கூட்டத்துக்குப் பின்னால், சட்டைப்பையில் இடது கையை வைத்தபடி நின்றான்.

அவள் அடாப்டரைத் தூக்கிக் காட்டினாள். அழகான வேலை. துணி டேப்பால் இறுகச் சுற்றி, இரண்டு பக்கமும் கனெக்டர். ஒரு பக்கத்துக் கனெக்டரில் மூலையில் ஒரே ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. அதற்கான வயர் முனையில் பின்னோடு வெளியே தொங்கியது.

"இது ஒண்ணு பாக்கி" என்றாள்.

"அடிச்சு விடுங்கம்மா" என்றார் ஒர்மோன். "என்ன, ஒரு நிமிஷ வேலைதானே."

"விடறேன்." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். காலையில் சுட்ட வட்ட ரொட்டி. சூடு ஆறியிருக்கவில்லை, வாசனை அடித்தது. அந்தக் கன்டெய்னரில் இத்தனை வருஷத்தில் முதல் ரொட்டி. அதைக் கனெக்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். "என் தம்பி மினிபஸ்ல நான் கட்டின வயர இவன் தொட்டானா இல்லையான்னு இந்த ரொட்டியத் தொட்டுச் சொல்லட்டும். சொன்னதும் பின்ன விட்டுடறேன்."

ஷெர்காசி சிரித்தான். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "ஒத்தப் பின்னுக்கு இவ்வளவு நாடகமா எஜே? அதுதான் அன்னைக்கே சொல்லியாச்சே. குடுங்க, நானே அமுக்கிக்கிறேன்."

"இந்தா." உடனே நீட்டினாள். "எந்தப் பக்கத்துல இருந்து பாக்கணும்னு தெரியும்ல?"

டயர்க்காரன் இருமுகிற மாதிரி சிரித்தான். ஷெர்காசி கனெக்டரை வாங்கினான், திருப்பினான், மறுபடி திருப்பினான். ஒர்மோன் மெதுவாக அவன் கையிலிருந்து அதை எடுத்தார். "வேண்டாம் சம்பந்தி. ஒண்ணு எரிஞ்சது போதும். அவங்க கேக்கறதச் சொல்லிட்டு முடிங்க. உண்மையச் சொல்றதுக்கு என்ன வலிக்குது?"

"வலிக்கல சம்பந்தி, இதுல என்ன இருக்கு" என்று ஷெர்காசி ரொட்டிக்குக் கை நீட்டினான். இரண்டு கையாலும் எடுத்தான். அன்றைக்கு மாதிரியே நெற்றியில் ஒற்றப் போனான். இந்தப் பாவி இரண்டாவது தடவையும் சொல்லிவிடுவான், இவள் இரண்டாவது தடவையும் தோற்பாள் என்று நினைத்தேன்.

"இரு" என்றாள் புருல்கான். "போன தடவை உன்னை அடிக்கட்டும்னு சொன்ன. நீ தாங்கிட்ட. இந்தத் தடவை வேற மாதிரி சொல்லு. பொய்யா இருந்தா, இந்த ரொட்டி என் வீட்டுக் கல்யாணத்த அடிக்கட்டும்னு சொல்லு."

ரொட்டி அவன் கையில் நின்றுவிட்டது.

ஒர்மோன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். சத்தம் போடவில்லை. "அந்தக் கல்யாணத்துல என் பொண்ணும் இருக்கா" என்றார். "யோசிச்சுப் பேசுங்க, சம்பந்தி."

ஷெர்காசி ரொட்டியைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான், தொங்குகிற வயரைப் பார்த்தான். யாராவது ஒருத்தர் போதும் விடு என்று சொல்ல மாட்டார்களா என்று எங்கள் முகம் ஒவ்வொன்றிலும் தேடினான். என் முகத்துக்கு வந்தபோது நான் அதை நன்றாகத் தூக்கிக் காட்டினேன்.

"தொட்டேன்" என்றான்.

"கேக்கல" என்றாள் அவள்.

"தொட்டேன் எஜே. அலாரத்துக்குக் கரண்ட் எடுக்க ஒரு வயர வெட்டினேன். முறுக்கி டேப் போட்டேன். அது... அதுதான் விட்டுப்போச்சு."

"பின்னு?"

"பின்னு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

கூட்டத்துக்குப் பின்னால் தெந்திமிஷ் என்ன செய்தான் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கண் புருல்கான் மேல் இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தவள், அழுவாள், அல்லது காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒர்மோன் கையிலிருந்து கனெக்டரை வாங்கினாள். தொங்கிக்கொண்டிருந்த வயரை விரலால் நிமிர்த்தினாள். வெட்டுக் குறட்டை எடுத்து, அதை அடியோடு வெட்டிப் போட்டாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க" என்று ஷெர்காசி முன்னால் பாய்ந்தான்.

"மாட்டிப் பாருங்க" என்று ஒர்மோனிடம் நீட்டினாள். "அந்தக் குழி காலிக் குழி. கம்ப்யூட்டர்ல அதுக்கு எதிர முள்ளே கிடையாது. நேத்தே முடிஞ்ச வேலை இது." பிறகு ஷெர்காசியைப் பார்த்தாள். "ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கின. ஒண்ணையாவது வாயத் திறந்து பாத்திருக்கலாம். ஒண்ணும் சொல்லாம எடுத்துட்டுப் போயிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும்."

ஒர்மோன் குனிந்து செருகினார். சாவி போட்டார். ஜீப் ஒரே தடவையில் பிடித்து, சீராக ஓடியது. அதற்குப் பிறகுதான் வரிசை சிரித்தது. டயர்க்காரன் டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பக்கத்து ரேடியேட்டர்க்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் சிரித்தேன், தாராளமாகச் சிரித்தேன். ஷெர்காசி இன்னும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேஜையில் வைக்கப் போனான்.

"இங்க வைக்காத. நீ தொட்டத இங்க யாரும் சாப்பிட மாட்டாங்க. ரொட்டியத் தூக்கியும் எறியக் கூடாது. எடுத்துட்டுப் போய் நீயே தின்னு தீரு."

ஒர்மோன் கூலியை மேஜையில் வைத்து, அவளுக்கு நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொன்னார். ஷெர்காசி ஜீப்பின் மறுபக்கக் கதவைத் திறக்கப் போனபோது, "நீங்க நடந்து வாங்க சம்பந்தி, பட்டறை பக்கத்துலதானே" என்று சொல்லிவிட்டு ஓட்டிப் போனார். வரிசை நெடுக, ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் நடந்து போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கல்யாணம் நடந்தது. பெண் கொடுத்த வீட்டு விருந்தில் சம்பந்திக்கு மரியாதைப் பங்காக வைக்கிற இடுப்பெலும்பு வேறு யாருக்கோ போனதாம். கேட்கக் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் தெந்திமிஷ் அவள் வாசலில் வந்து நின்றான். கோட்டு மிதியில் காலைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"எஜே."

அவள் வேறு வேலையை எடுத்துவிட்டிருந்தாள். உதட்டில் பின்கள்.

"எஜே, நான் அன்னைக்கு..."

பின்களை உமிழ்ந்தாள். "அவன் கணக்கு முடிஞ்சுது. உன் கணக்கு முடியல."

அவன் தலை குனிந்தான். "அவரு ரொட்டியத் தொட்டாரு எஜே. நான் என்ன நினைக்கிறது?"

"அவன் ரொட்டியத் தொட்டான். நான் உன்னைத் தொட்டு வளத்தேன். நீ ரொட்டிய நம்பின."

நான் விளக்கைக் கீழே வைத்துவிட்டேன். போதும், விடு, வந்துவிட்டானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் ஒரு வயரை எடுத்து நகத்தளவு தோலை உரித்தாள். பின்னை வைத்துக் குறட்டை அமுக்கினாள். குறடு வாய் திறந்தது. பின்னைப் பிடிப்பானில் கவ்வ வைத்துத் திருகி இறுக்கினாள். வயரின் மறுமுனையைத் தம்பியிடம் நீட்டினாள்.

"புடி."

வலது கையால் வாங்கினான்.

"அந்தக் கையில இல்ல."

அவன் சட்டைப்பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்தான். விரல்கள் போன உள்ளங்கையில் வயரை இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான்.

"இழு."

இழுத்தான்.

"வருதா?"

"வரல எஜே."

"இன்னும் இழு."

வலது கையையும் காலையும் மேஜையில் முட்டுக் கொடுத்து இழுத்தான். வயர் உள்ளங்கைத் தோலில் பதிந்து வெளுத்தது. முகம் நனைந்துபோயிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. மேஜை நகர்ந்தது. பின் நகரவில்லை.

நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதித்து, இறக்கி, மூன்று கிண்ணத்தில் ஊற்றியும் வைத்துவிட்டேன். அவன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான். அவள் போதும் என்று சொல்லவில்லை.